காலையில் மட்டும் உதறும் கார்

டிசம்பர் 18, வியாழன்

பனி. எதிர்வீட்டு மாடித் தொட்டிகூடத் தெரியவில்லை. அம்மா கோலம் போட்டு முடித்ததும் காரை ஸ்டார்ட் செய்தேன். உடனே பிடித்துக்கொண்டது. உடனே உதறலும். ஸ்டியரிங், சீட், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் ஆட்டம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சரி. காலை எடுத்தால் அணைந்துவிடுவதுபோல் திணறுகிறது. கொஞ்சம் ஓடிச் சூடாகிவிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலி வந்ததிலிருந்து அவர் ஓட்டுவதில்லை. திருமுடிவாக்கத்து வேலைக்கு நான் எடுத்துப்போவேன் என்றுதான் விற்காமல் வைத்திருந்தார். இன்று சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தர் பார்க்க வர்றார். பிடிச்சா குடுத்துடலாம்."

"ஏன்ப்பா?"

"நடு ரோட்டுல நின்னுச்சுன்னா என்ன பண்ணுவ? வாயைத் தொறந்து ஒருத்தரைக் கூப்பிடுவியா? கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே உக்காந்திருப்ப."

கார்க் கண்ணாடியை ஏற்றினேன். அவர் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

வழக்கம்போல் இரண்டு பஸ். எங்கே போகணும் என்று கண்டக்டர் மறுபடி மறுபடி கேட்டார். என் குரல் அவருக்கு எட்டவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அரை நாள் லீவு. மேனேஜரிடம் கேட்கத் தயங்கி மெசேஜ் போட்டேன்.

பெருங்களத்தூரில் பாஸ்கர் அண்ணா ஒர்க்‌ஷாப். போன மாதம் பிளக் எல்லாம் மாற்றியவர். பீர்க்கன்கரணையிலிருந்து அங்கே போவதற்குள் இன்ஜின் சூடு. பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். சிரித்தார்.

"இன்னாம்மா, தொட்டில்ல போட்ட கொயந்த மாதிரி தூங்கினு கீது. இதுலயா கோளாறு?"

"காலையில மட்டும்ண்ணா."

"இன்னாது? சத்தமா சொல்லு."

"காலையில மட்டும்."

"அப்ப காலையில எட்தா."

"வர்றதுக்குள்ள சூடாயிடுது."

டீயோடு நின்ற ஆட்டோக்காரர் ஒருவர்: "பாஸ்கரு, பேசாம அவங்க வூட்டு வாசல்ல போய்ப் படுத்துக்கோ. கோலம் போட்றதுக்கு முன்னாடி எய்ந்துக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும், தரையைப் பார்த்தபடி. கடைசியில் அண்ணா, "காலையில பானெட்டைத் தொறந்து வெச்சி ஸ்டார்ட் பண்ணு. வீடியோ எட்த்து அனுப்பு" என்றார். நிம்மதி. வீடியோவுக்கு வாய் திறக்க வேண்டாம்.

தயிர் வாங்க மறந்தேன்.

டிசம்பர் 20, சனி

வீடியோ அனுப்பினேன். சூடாவதற்குள் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஆட்டத்துக்கு நடுவுல உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது பாரு. எங்கியோ ஏர் இழுக்குது. ரப்பர் டியூப் எதுனா வாயப் பொளந்துகினு கீதான்னு பாரு. சூடானா ரப்பர் இளகி மூடிக்கும். அதான் எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்குது. ஃபேன் பக்கம் கைய வெச்சிடாத."

ஸ்டார்ட் செய்து இறங்கினேன். துப்பட்டாவை இடுப்பில் செருகினேன், ஜடையைக் கிளிப்பில். குனிந்து கேட்டால், ஆமாம், உஸ். இன்ஜினுக்குப் பின்பக்கத்திலிருந்து. எட்டிப் பார்த்தேன்.

கறுப்புக் கயிறு. அதன் நுனியில் ஒரு கைப்பிடி அளவு படிகாரம், காய்ந்த மிளகாய். திருஷ்டிக்குக் கட்டுவது. கட்டியிருந்த இடம் மெல்லிய ரப்பர் டியூப். இன்ஜின் ஆட ஆடப் படிகாரமும் ஊஞ்சலாடி, டியூப் மாட்டிய இடத்தில் கிழிசல். படிகாரத்தை உள்ளங்கையில் தாங்கினேன். சத்தம் நின்றது, உதறலும். விட்டேன், உதறல். தாங்கினேன், நின்றது.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆயுத பூஜைக்குக் கட்டினதுடி. முன்னாடி கட்டினா மழையில கரைஞ்சிடுது. அதான் நனையாத இடமா பார்த்து உள்ள கட்டினேன்."

"இதுல ஏம்மா கட்டின?"

"கைக்கு வாட்டமா இருந்துச்சு. உனக்கு இதுவரைக்கும் எதுனா ஆச்சா? அப்ப வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்."

மதியம் பாஸ்கர் அண்ணா புது டியூப் போட்டு கிளிப் மாட்டினார். படிகாரத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். இப்போது டிக்கியில், ஸ்டெப்னி மேல்.

அப்பாவிடம் சொன்னேன். "இன்னிக்கு நல்லா ஓடும். நாளைக்குக் காலையில என்ன பண்ணும்? வர்றவர் வரட்டும்" என்றார்.

மஞ்சள் துப்பட்டாவில் கிரீஸ். சோப்புக்குப் போகவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்னும் அதிகப் பனி. வந்தவர் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். "சூடு பண்ணி வைக்கல. நல்லது." விவரமானவர்.

சாவியைக் கொடுத்தேன். அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். பிடித்துக்கொண்டது. காலை எடுத்தார். மீட்டர் முள் அசையவில்லை. பிள்ளையாரும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார். அதே மாதிரி. இறங்கி வந்தார்.

"இன்ஜின் நல்லா இருக்கே சார். ஏன் குடுக்கறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"குடுக்கலைங்க" என்றேன்.

வந்தவருக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?"

"குடுக்கலைங்க. நாளைக்கு நான் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன்."

பக்கத்து வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கொஞ்ச நேரம் முட்டியைத் தடவினார். பிறகு வந்தவரிடம், "காபி சாப்பிட்டுப் போங்க சார்" என்றார்.