ரோஸி போட்ட மூன்று மஞ்சள் குட்டிகள்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. உங்கப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாருக்கும் சுகம்தான், அந்தக் குளிர் நாட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் உங்கப்பா வாங்கிவிடுகிறார், அப்புறம் தென்னையில் விழுந்த வண்டைப் பற்றித்தான் பேச்சு. வண்டு இன்னும் போகவில்லை. சித்தப்பா வீட்டு நவீன்குமாருக்குப் பெண் பார்க்கிறார்கள், பெண் சிவப்பாக இருக்க வேண்டுமாம், அவன் என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை.

ரோஸி குட்டி போட்டு இன்றோடு நாற்பத்து மூன்று நாள். எட்டும் பிழைத்துக்கொண்டன, ஐந்து கருப்பு, மூன்று மஞ்சள். அன்றைக்கு நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். ரோஸி அட்டைக் கருப்பு லாப்ரடார், சித்திரபுரத்து ஜிதின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இணை சேர்த்த ஆண் லாப்ரடாரும் கருப்பு, பிறகு மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று உங்கப்பாவுக்கு ஆத்திரம். ஜாதி நாய்க்குட்டி கிடைக்கும் என்று தோட்டத்து வாசலில் பலகை வைத்த மனுசர் அல்லவா. நேராகப் பால் சொசைட்டிக்குப் போய், கேனோடு வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மொக்கையனைப் பிடித்துக்கொண்டார். இவனை நம்பி நாயை விட்டேன், இவன் அவனூட்டுச் செவலை நாயை உள்ளே உட்டுட்டான், காலனிப் புத்தி காலனியோடதான் சேரும் என்று கத்தினாராம். பன்னிரண்டு வருசமாக நம் மாட்டையும் நாயையும் பார்க்கிற ஆள் மொக்கையன். ரோஸி பருவத்தில் இருந்த மூணு வாரமும் கொட்டாயைப் பூட்டித்தானுங்க வெச்சேன், சாவி உங்க ஊட்டு ஆணியிலதானுங்க தொங்குச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார், அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. இந்த ஊரில் ஒரு குட்டி நிறம் மாறிப் பிறந்தால் முதலில் பெட்டையைத் திட்டுவார்கள், அடுத்து காலனியைத் திட்டுவார்கள், வேறெதுவும் யோசிக்கத் தெரியாது.

அப்புறம்தான் கருப்புக்கும் கருப்புக்கும் மஞ்சள் எப்படிப் பிறக்கும் என்று நான் உன்னிடம் கேட்டேன். நீ சொன்னதை அன்றைக்கு உம் கொட்டிக் கேட்டேனே தவிர ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு, அப்பாவிடமிருந்து ஒரு சீட்டு, ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு சீட்டு என்றாய். ஒரு சீட்டாவது கருப்பு நிறத்தை முடிக்குள் விடு என்று சொன்னால் குட்டி கருப்பு. இரண்டும் விடாதே என்றால்தான் மஞ்சள். ரோஸியின் உடம்பில் ஒரு மஞ்சள் முடி கிடையாது, நான் எத்தனை நாள் உண்ணி பிடுங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. அவளுக்குள் அந்தச் சீட்டு சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. நீ கேட்கச் சொன்னபடி ஜிதினைக் கூப்பிட்டேன், அவன்டெ அம்மா மஞ்சளாணல்லோ சேச்சீ, ஞான் பறஞ்ஞில்லே என்று சாதாரணமாகச் சொல்கிறான். அந்த ஆண் நாயின் தாய் மஞ்சளாம். பாட்டியின் நிறம் மகனை ஒளிவிடமாக்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளிடம் வெளியே வந்து நிற்கிறது. 

இன்னொன்று சொன்னாயே, அதுதான் என்னை உலுக்கியது. செவலை நாய் வந்து கலந்திருந்தால் குட்டிகள் பெரும்பாலும் கருப்பாகத்தான் பிறந்திருக்கும், லாப்ரடாரின் கருப்பு நாட்டு நாயின் செவலையை மூடிவிடும் என்றாய். அப்படியானால் எதைச் சாட்சி என்று இவர் ஊர் நடுவில் காட்டினாரோ அதுவே மொக்கையனுக்குச் சாதகமான சாட்சி. மூக்கையும் பார்க்கச் சொன்னாய். பிறந்தபோது எல்லா மஞ்சள் குட்டிக்கும் மூக்கு ரோஸ் நிறம், மூன்றாவது வாரம் புள்ளி புள்ளியாகக் கறுத்தது, இப்போது மை தொட்டு வைத்த மாதிரி இருக்கிறது. உடம்பு கருப்பு நிறத்தைச் செய்துகொண்டேதான் இருக்கிறது, முடிக்குள் மட்டும் போகவில்லை. தினம் காலையில் மூன்றையும் மடியில் போட்டு அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது.

பஞ்சுக்குச்சியால் எல்லாக் குட்டிக்கும் ரோஸிக்கும் கன்னத்துக்குள் தேய்த்து, பெங்களூரில் மரபணு பார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன், ஜிதினும் அவன் நாயுடையதை அனுப்பினான். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. எட்டுக்கும் அப்பா ஜிதினின் நாய்தான். தாளை உங்கப்பாவிடம் நீட்டினேன், கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார், சரி அவனை வேலைக்கு வரச் சொல்லு என்றார். அவ்வளவுதான்.

நானே போனேன். மொக்கையன் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. அம்மிணி, பூட்டுனேன்னு நா அன்னைக்கே சொன்னனுங்களே, அது பொய்யில்லீன்னு நாயோட எச்சிலு வந்து சொல்லோணுமாக்கும் என்று கேட்டார்.  பிறகு, வேலைக்கு வாரனுங்க, பண்ணாடி எங்க நின்னு சொன்னாரோ அங்கயே நின்னு இல்லீன்னு சொல்லட்டும் என்றார். உங்கப்பாவிடம் சொன்னேன். அவங்கிட்ட நான் போயி நிக்கறதா, உனக்கென்ன கிறுக்கா என்கிறார். ஐந்து நாளாகிறது.

உன்னிடம் சொல்லாத பாதி இதுதான். அந்த மூன்று வாரமும் சாவி என் சமையலறை ஆணியில்தான் தொங்கியது. தினம் சாயங்காலம் மொக்கையன் கொண்டுவந்து மாட்டியதை நான் பார்த்தேன். உங்கப்பா அன்றைக்கு வந்து நீ பாத்தியா என்று கேட்டபோது, நான் என்னத்தைக் கண்டேன் என்று சொல்லிவிட்டேன். சண்டை வேண்டாமே என்று நினைத்தேன். என் வாயில் வந்திருக்க வேண்டிய ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் ஆறு வாரம் தலை குனிந்து நடந்திருக்கிறார். நிறம் எப்படி வருகிறது என்று தெரியாதது என் தப்பில்லை, சாவி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நாளைக் காலை பால் ஊற்றும் நேரத்துக்கு நான் சொசைட்டிக்குப் போகிறேன். தாளை எடுத்துப் போகப்போவதில்லை. பூட்டியிருந்தது, நான் பார்த்தேன், அன்றைக்குச் சொல்லாதது என் குற்றம் என்று வரிசை முன்னால் நின்று சொல்லப்போகிறேன்.

உதட்டு வெடிப்புக்கு நெய் தடவு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு ஆய்வகத்துக்கு ஓடாதே. கையெடுத்துக் கும்பிடுகிற எல்லாத் தெய்வமும் உன் பக்கம் நிற்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு கண்ணு. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் உங்கப்பா போனில் உன்னிடம், உங்கம்மா ஊர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொல்லியிருப்பார். வரிசை முன்னால் நின்று நான் சொன்னது நிஜம்தான், நம்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரதீபா