கை காட்டிய பிள்ளை

என் ஜெனிஷாவுடைய அப்பாவுக்கு,

இருந்தவரை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் என்ன புதுப்பழக்கம்? எனக்கு உங்களைத் தேடுகிறது. மீன்குழம்பு கொதிக்கும்போதெல்லாம், உப்புப் பார்க்க நீங்கள் கை நீட்டுவீர்கள் என்று நிற்கிறேன்.

முட்டத்துக் கரைக்கு வந்த உங்கள் வள்ளம் அலையில் கவிழ்ந்து மறிந்ததைப் பிள்ளை பாறையில் நின்று பார்த்தாள் அல்லவா? அதன்பிறகு அவளுக்குத் தூக்கமில்லை. அலைச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். "கடல் கண்ணுல படாத எடத்துக்குக் கொண்டு போ. அப்பா பேச்சையே எடுக்காத" என்றது சொந்தமெல்லாம். உங்கள் படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, தக்கலையில் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். அங்கே லாரிச் சத்தத்துக்கு நடுங்கினாள்.

கடைசியில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுன்சிலிங் கொடுக்கிற மேடம் மறக்கச் சொல்லவில்லை, சொல்லச் சொன்னார். பயம் வந்தால் மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். பிறகு அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வைத்தார். ஒரு வாரம் அன்று காலையில் தின்ற இட்லியோடு பேச்சை நிறுத்தினாள், அடுத்த வாரம் பாறையில் ஏறி நின்றது வரை சொன்னாள். எனக்குத்தான் பொறுமையில்லை. என் வாய் உங்களுக்குத் தெரியாதா? மேடம் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்.

போன மாதம் என்னையும் உள்ளே கூப்பிட்டார். பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, நான் எப்பவும் போல கை காட்டுனேன். அப்பாவும் எஞ்சின்ல இருந்து கைய எடுத்துக் காட்டுனாவ. அதான் வள்ளம் மறிஞ்சுது. நான்தான் அப்பாவக் கொன்னுட்டேன்."

ஐயோ, இதையா இத்தனை நாள் தனியாகச் சுமந்தாள்? எப்போதும் போல நீங்கள்தான் எஞ்சின் பிடித்தீர்கள் என்று நினைத்திருக்கிறாள். அன்று எஞ்சின் பிடித்து வள்ளத்தை ஓட்டியது உங்கள் கூட்டாளி அந்தோணி. கரையில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பேச்சையே எடுக்காத வீட்டில் அவளுக்கு யார் சொல்வது?

பிள்ளை சம்மதித்த பிறகு அந்தோணியை மேடத்திடம் அழைத்துப் போனேன். "எஞ்சின் பிடிச்சது நான்லா மக்கா. ரெண்டு கையாலயும் பிடிச்சேன். பின்னால எழும்புன அலைக்கு எந்தக் கையும் நிக்காது" என்று அழுதார்.

"அப்போ அப்பா?"

"ஒன்னப் பாத்துக் கை காட்டிச் சிரிச்சிட்டுல்லா நின்னாரு."

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது முட்டத்துக்கே வந்துவிட்டோம். உங்கள் படத்தை அவளே எடுத்து மாட்டினாள். முழுதும் சரியாகிவிடவில்லை, கதவு பட்டென்று அடித்தால் துள்ளுகிறாள், பிறகு மூச்சை மெல்ல விட்டுக்கொள்கிறாள். இதையெல்லாம் பார்க்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

நாளைக்குப் பாறைக்குப் போகலாம் என்கிறாள். நானும் கூட நின்று கை காட்டுவேன். இனி நீங்களும் தாராளமாகக் கை காட்டலாம். பிள்ளை கையை இறக்கும்வரை நானும் இறக்க மாட்டேன், இது சத்தியம்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
ஜெனிஷாவின் அம்மா