பாட்டின் நடுவே தரைதட்டிய படகு

உப்பங்கழிகள் காக்கும் கோமகள், வெண்கழி நாட்டுத் துறைகள் அனைத்திற்கும் உரிமையுடைய அரசியார் பூங்குழைத் தேவியாரின் ஆணைப்படி, அவர்தம் கடல்துறை அமைச்சன் ஆழிவேள் நம்பன் விடுக்கும் ஓலை. வடதுறைக் காவலர் நன்னாகச் சேத்தனார் காண்க. உம் உப்பளங்கள் வெண்மையாய் விளைக. உம் கலங்களுக்குப் பின்காற்று வாய்க்க. உம் மனையோரும் மக்களும் நலமே பெறுக.

நீர் எழுதியது கிடைத்தது. கூடத்தில் ஓதும்போது ஒரு சொல்லும் பிழையாத மாணாக்கர் மூவர், படகில் ஏற்றி வழி கேட்டால் வாயடைத்து நிற்கின்றனர் என்றும், விடியல் முதல் அந்தி வரை ஓதியும் இது ஏன் என்று உமக்கும் ஆசிரியர்க்கும் விளங்கவில்லை என்றும், வரும் அமாவாசையன்று அவர்களைப் படகுக்கு வழிகாட்டக் கற்பிக்கும் துறைப்பள்ளியினின்று நீக்கி ஊருக்கு அனுப்ப எண்ணுவதாகவும் கூறியிருந்தீர். அனுப்புமுன், எம் துறையில் நிகழ்ந்ததைக் கேட்பீராக.

நம் நாட்டு வழக்கம் நீர் அறிந்ததே. கழிமுகத்தின் திட்டுகளையும் பாறைகளையும் வரிசையாய்க் கோத்த வழிப்பாட்டை, கழியின் படம் தீட்டிச் சுவரில் தொங்கும் வழித்திரையைப் பார்த்தவாறே எல்லாரும் ஒரே குரலில் ஓதுவர். அவ்வாறு ஓதுவதில் எம் பள்ளியில் முதல்வி காரிநங்கை என்பாள். மாரிக்காலம் கழிந்ததும் அவளைப் படகின் முகப்பில் நிறுத்தி வழி சொல்லச் செய்தோம். யானும் உடன் ஏறினேன். ஆமைத்திட்டை நெருங்குகையில், இடமா வலமா என்று படகோட்டி கோடன் வினவினான். அவள் கண்களை மூடிப் பாட்டின் முதலடியிலிருந்து தொடங்கினாள். குரல் இனிமை, சொல்லில் பிழையில்லை. ஆனால் ஆமைத்திட்டைப் பற்றிய அடியை அவள் எட்டுமுன், ஆமைத்திட்டு எம்மை எட்டிவிட்டது. படகு மணலில் ஏறி அமர்ந்தது. கோடன் துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு, "நிறுத்தாதே தாயே, மிச்சத்தையும் பாடிவிடு. கடல் பொங்கி வெள்ளம் ஏறும்வரை நமக்கு என்ன அவசரம்?" என்றான். அசையாத படகைத் தள்ள வீணே இறங்கியதில் என் அரசவை ஆடை இடுப்புவரை நனைந்ததையும் இங்கு மறைப்பதற்கில்லை.

அவளோ சிரிக்கவில்லை, கரை சேர்ந்ததும் தன்னை நீக்கிவிடுவர் என்று கலங்கினாள். வெள்ளம் ஏறும்வரை வேறு பணியின்மையால், யான் அவளைப் பாட்டின் இடங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கேட்கலானேன். திணறினாள், பிழையாய்ச் சொன்னாள், சற்றுப் பொறுத்துத் தானே திருத்திக்கொண்டாள். பிறகு, "திரையைப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது ஐயா. திரை இல்லையென்றால், முதலடியிலிருந்து பாடுவதைத் தவிர எனக்கு ஒன்றுமே இல்லை" என்றாள்.

சேத்தனாரே, அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. எண்ண எண்ண அதன் இயக்கம் எனக்குப் பிடிபட்டது. கண்ணெதிரே உள்ளதைக் கண்டு இது தெரிந்ததே என மகிழ்வது கிணற்றை எட்டிப் பார்ப்பது போன்றது. எதிரே இல்லாததை உள்ளத்திலிருந்து எடுப்பதோ நீர் இறைப்பது. நாள் முழுதும் எட்டிப் பார்க்கப் பழக்கிவிட்டு, படகில் ஏற்றி இறைக்கச் சொன்னவர் நாமே. மேலும், பாட்டில் ஒவ்வொரு பெயரும் தனக்கு முந்தைய பெயரோடு மட்டுமே முடிச்சிடப்பட்டிருக்கிறது. ஆதலின் நடுவே நுழைய வாயிலில்லை. கூட்டுக்குரலின் வேலை இன்னும் வேடிக்கையானது: அது அறியாதவனை அறிந்தவன் தோளில் ஏற்றிச் செல்கிறது, ஏறியவனோ தானே நடந்ததாக எண்ணிக்கொள்கிறான்.

எண்ணியதைச் சோதித்தும் பார்த்தோம். புதிதாய் வந்த தென்கழிப் பாட்டொன்றைப் பள்ளிக்குக் கொடுத்து, ஒரு பாதியினரை வழக்கம்போல் ஓதச் செய்தோம். மறுபாதியினர் சிறிது நேரம் கேட்டதும் திரையைச் சுருட்டிவிட்டு, கழியை நினைவிலிருந்து மணலில் குச்சியால் வரைந்தனர். பின் திரையை விரித்து ஒப்பிட்டு, பிழைத்த இடத்தை மட்டும் திருத்தினர். ஒருவரையொருவர் வரிசை மாற்றிக் கேட்டனர். அன்று மாலை பாட்டைச் சொல்லச் சொன்னபோது ஓதியவர்களே வென்றனர். மணலில் வரைந்தவர்களை அவர்கள் குப்பை கிளறும் கோழிகள் என்று கேலி பேசினர். காரிநங்கையும் அக்கோழிகளுள் ஒருத்தி. எம் ஆசிரியர் பழைய முறைக்கே திரும்பலாம் என்றார். யான் பொறுக்கச் சொன்னேன்.

நன்றாக உறங்கவிட்டு, மறுநாள் கோழிகளைச் சிறிது கேட்டோம். சில நாள் விட்டு மீண்டும் கேட்டோம். ஓதியவர்கள் தம் வழியில் ஓதிவந்தனர். பின் இரு பாதியினரையும் ஒருவர் ஒருவராய்ப் படகேற்றிப் பார்த்தபோது, ஓதியவர் பலர் முதலடியைத் தேடி விழித்தனர். கோழிகள் எங்கு கேட்டாலும் விடை தந்தனர். இடையில் சிறிது மறந்து, மறந்ததைத் தேடிப் பிடிக்கும் அந்தத் திணறலில்தான் கல்வி வேர்விடுகிறது. திணறலைக் கண்டு மந்தம் என்று கருதியதே நம் பிழை. உம் மாணாக்கர் மூவரும் மந்தர் அல்லர், இறைக்கக் கற்பிக்கப்படாதவர்.

இதனைச் சொல் அளவில் நம்ப வேண்டா. இவ்வோலையை உம் கையில் தந்து நிற்பவளே காரிநங்கை. உம் வடகழியை அவள் முன்பு கண்டவளல்லள். அதன் திரையை எம் துறையில் பார்த்து, சுருட்டி, மணலில் வரைந்து கற்றே படகை வழிநடத்தி வருகிறாள். திரை இங்கேயே என்னிடம் இருக்கிறது. அவள் ஆடை நனைந்திருந்தால் இவ்வோலையை அடுப்பில் இடுக. உலர்ந்திருந்தால், கீழ்க்காணும் ஆணையைக் கொள்க.

அரசியார் செவியேற்று இசைந்தது. இரட்டைச் சுறா பொறித்த அரக்கு முத்திரை இட்டது. வடதுறையில் இன்றே நடப்பிற்கு வருவது. மாணாக்கர் மூவரையும் நீக்காது காரிநங்கையிடம் ஒப்படைக்க. சிறிது நேரம் கற்பிக்க, திரையைச் சுருட்டுக, நினைவிலிருந்து வரையச் செய்க, திரையோடு ஒப்பிட்டுப் பிழையை மட்டும் திருத்துக, வரிசை மாற்றித் தனித்தனியே கேட்க, உறங்கவிடுக, சில நாள் கழித்து மீண்டும் கேட்க.