கப்பல்காரர் பாட்டும் நான் ஒளித்த கடிதங்களும்

ரங்கூன், அலோன் மரத்துறை
1926, தை 4

அருமை மகள் அம்சவேணிக்கு அப்பா ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் அம்மா சுகம், எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நாளைக் காலைத் தபாலில் போனாலும் இது நாகப்பட்டினம் வந்து சேர எட்டு நாளாவது ஆகும், உன் கலியாணமோ தை இருபத்திரண்டு, அதனால் கோபத்தைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் கடைசி வரை படி.

இங்கே தேக்கு ஏற்ற ஒரு இங்கிலீஷ் கப்பல் நிற்கிறது. அதில் ஹாரிஸ் துரை என்ற மாலுமி மரம் ஏற்றும்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாடுவார், மெட்டு நம் கும்மி போலத் துள்ளும். நானும் பெரிய வித்வான் கணக்காகத் தொடையில் தாளம் போட்டு வெரி குட் வேறு சொல்லிவந்தேன். மூன்று நாள் முன்பு, இது கலியாணப் பாட்டா துரை என்று என் நாலாம் வகுப்பு இங்கிலீஷில் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அது அவர் ஊர் மீன்காரர்கள் பாட்டாம், யார் கட்டியது என்று தெரியாதாம், ஏழெட்டுத் தலைமுறையாக வாய்வழியாகவே வருகிறதாம். அந்தப் பாட்டில், ஒரு பெண் தன் மனசுக்குப் பிடித்த கடலோடிக்கு எழுதிய கடிதத்தை அவள் தகப்பனே அடுப்பில் போட்டுவிட்டான். பதில் வராததால் அவள் வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டினாள். கலியாணத்தன்று அந்தக் கடலோடி கரைக்கு வந்தான், அன்று சாயங்காலமே அவள் கடலில் விழுந்தாள். பெண்ணுக்குப் பேர் உண்டு, படகுக்குக்கூடப் பேர் உண்டு, தகப்பன் பேர் என்ன துரை என்றேன். அது பாட்டில் கிடையாது, எந்த அப்பன் கேட்டாலும் தன் பேரைப் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள் என்றார். என் தாளம் நின்றுவிட்டது.

அம்சா, இந்தத் துறையில் வேலை செய்யும் செல்லையாவுக்கு நீ போட்ட இரண்டு கடிதமும் என்னிடம்தான் இருக்கின்றன. துறையில் நம் ஆட்கள் அறுபது பேருக்கும் தபால் என் மேசைக்குத்தான் வரும், பிரித்து வாசித்துச் சொல்வதும் நான்தான். அந்தக் கைப்பழக்கத்தில் உன்னுடையதையும் பிரித்தேன். பிரித்தது பழக்கம், ஒளித்தது பழக்கமில்லை. அத்தை மகன் மாரிச்சாமிக்கு ரயில்வே உத்தியோகம், செல்லையாவுக்கு மரம் தூக்கும் தோளைத் தவிர என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அடுப்பில் போட மட்டும் கை வரவில்லை. அவன் தபால் நாள் தவறாமல் வந்து, மாமா, நாகப்பட்டினத்துக் காயிதம் ஏதாச்சும் வந்துச்சா என்பான், இன்னும் வரலைப்பா என்பேன். அப்ப நான் கேட்டேன்னு நீங்களே எழுதிப் போடுங்க மாமா என்றான், போட்டாச்சு என்று பொய் சொன்னேன். போன வாரம், உங்க தபால் கப்பலை ஆமையா இழுக்குது? என்று சிரித்துவிட்டுப் போனான். அங்கே நீயோ, அவருக்கே மனசில்லைன்னா சரி அத்தே என்று மாரிச்சாமிக்குத் தலையை ஆட்டிவிட்டதாக அத்தை எழுதியிருக்கிறாள்.

இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே போய் உன் கடிதங்களை அவன் கையில் கொடுத்துவிடுவேன். தேக்கு தூக்குகிற கை அது, அப்பாவுக்கு மிச்சமிருக்கும் பற்களுக்காக வேண்டிக்கொள். மாரிச்சாமிதான் என்றாலும் எனக்குச் சம்மதம், நல்ல பிள்ளை, அவனை நான் குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் இந்தக் கடிதத்தை அத்தையிடம் காட்டு, வசவு முழுவதும் எனக்கு வரட்டும். பட்டினி கிடந்து யோசிக்காதே, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முடிவு செய். நீ எந்த வீட்டில் விளக்கேற்றினாலும் முகம் வாடாமல் இருக்கவேண்டும் என்று காளியம்மனை வேண்டும்,

உன் அப்பா
அய்யாசாமி

முக்கியம்: பதிலைத் தந்தியாக அடி. என் பேருக்கு வேண்டாம், செல்லையா பேருக்கே அடி. தந்தி என் மேசைக்கு வராது, தந்திக்காரன் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பான். செல்லையா அதை வேறு யாரிடமாவது கொடுத்து வாசித்துக்கொள்ளட்டும், நான் எட்டி நிற்கிறேன்.