கையெடுப்பில் பாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது

அனுப்புநர்:
பொது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்து ஓய்வு பெற்றவர்,
('மடிப்புத் தாத்தா வீடு' என்றால் யாரும் காட்டுவார்கள்)
சலவைக்கூடத்துப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பண்பாட்டு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: 'சலவைக்கூடப் பாட்டுகள்' மேடை நிகழ்ச்சி – கலைஞர்கள் பாட்டைக் கேட்காமலே ஒத்திகைக்கு வருவது – ஓர் ஒத்திகையைச் சலவைக்கூடத்திலேயே நடத்தித் தரக் கேட்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறார். எழுத்து அவருடையது, சங்கதி என்னுடையது.

1. ஆற்றுப் பாலத்தைத் திறந்துவைக்க வந்த அதிகாரியின் காரே அதில் சக்கரம் இறங்கி நின்றுபோக, திறந்த அன்றைக்கே பாலத்தை மூடினார்களே, அந்த வருஷம் நடந்த சங்கதி இது. பால் வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரே பால் இல்லாத தேநீர் குடித்ததும் அதே வருஷம்தான். மழை விடவே இல்லை. கொடியில் எதுவும் காயாததால் மருத்துவமனையின் அத்தனை விரிப்புகளும் ஈரத்தோடு எங்கள் இஸ்திரி மிஷினுக்கு வந்து குவிந்தன.

2. அந்த மிஷின் ஒரு கட்டில் அகலம் இருக்கும். மேலே இரும்பு மூடி. பட்டையில் ஓடுவதால் யாருக்காகவும் நிற்காது. ஒரே சீராக இறங்கும், புஸ்ஸென்று ஆவி விடும், ஏறும். அதற்கு நாங்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தோம். (இதை எழுத மருமகள் தயங்கினார். இருக்கட்டும், உனக்கும் சேர்த்துத்தான் என்றேன்.) விரிப்பைப் பரப்பி, சுருக்கம் நீவி, மூடி இறங்குவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். பரப்புகிற வேலை கிளி அக்காவுடையது. வாய் ஓயாத ஆள் என்பதால் அந்தப் பெயர். மழை நாளின் அவசரத்தில் அவருடைய வலது கை விரல் இரண்டு மூடிக்குள் போய்விட்டன.

3. காயம் ஆறித் திரும்பி வந்த அக்கா மிஷின் முன்னால் நின்றார். கை நீளவில்லை. பேச்சும் நின்றுபோயிருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. அப்போதுதான் கொதிகலன்காரர் வாளியைத் தட்ட, கஞ்சி போடுகிறவர் ஓர் அடி எடுத்துக்கொடுக்க, கிழிசல் தைக்கிற அக்காவும் நானும் கூடச் சேர்ந்து ஒரு பாட்டைக் கட்டினோம். அதன் கட்டுமானம் இவ்வளவுதான்: மூடி மேலே இருக்கும்வரை பாட்டு. மூடி இறங்கப் போகிறது என்றால் பாட்டு சட்டென்று நிற்கும். பாட்டு நின்றால் கை வெளியே. ஆவி அடங்கி மூடி ஏறினால் மறுபடி பாட்டு. அந்தச் சும்மா இருக்கும் இடத்துக்குக் 'கையெடுப்பு' என்று பெயர். கிளி அக்கா பாட்டைக் கேட்டுக்கொண்டே பரப்பினார். ஓய்வு பெறும் நாள்வரை மற்ற விரல்கள் அவரிடமே இருந்தன.

4. தங்கள் அலுவலகத்துப் பெண் வீடு தேடி வந்து, என் பாட்டுகளைப் பொறுமையாகப் பதிவு செய்துகொண்டதற்கும், அவற்றை மேடை ஏற்றுவதற்கும் நான் நன்றி உள்ளவன். குறை ஒத்திகையில்தான்.

5. பாடுகிற பெண் கைக்குழந்தையோடு வருகிறார். இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் குழந்தையைக் கிடத்திவிட்டு, செல்போனைப் பார்த்துப் பாடுகிறார். ஒருநாள் முதல் பாட்டின் மெட்டில் மூன்றாம் பாட்டை முழுக்கப் பாடி முடித்தார். இனிமையாக இருந்ததால் யாருக்கும் தடுக்க மனம் வரவில்லை. கேட்டதற்கு, "கோவிச்சுக்காதீங்க தாத்தா, பஸ்ல வர்றப்பக் கேக்கலாம்னுதான் இருந்தேன், பிள்ளை விட்டாத்தானே" என்றார். தாளம் போடுகிறவர் பகலெல்லாம் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். முதல் ஒத்திகைக்குத் தாளக் கருவி இல்லாமலே வந்தார். அது வண்டியில் இருந்தது, வண்டி முதலாளியிடம் இருந்தது. நாற்காலியில் தட்டினார். நாற்காலியிலும் நன்றாகவே தட்டினார் என்பதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டாம் அடிக்கே கண் செருகிவிட்டது. தூங்குகிறவர் கையில் தாளம் மட்டும் விழித்திருந்தது.

6. கீபோர்டு வாசிக்கிற தம்பி மரியாதை தெரிந்தவர், வந்ததும் எனக்கு நாற்காலி போடுகிறவர். அவர்தான் ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார்: "தாத்தா, உங்க பாட்டுல நடுவுல நடுவுல ஓட்டை இருக்கு. கவலையே படாதீங்க, எல்லாத்தையும் நான் அடைச்சிட்டேன்." கையெடுப்பு வரும் இடமெல்லாம் அவர் ஓடி ஓடி வாசிக்க, பாடுகிற பெண்ணும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் பாடினார். கேட்க நிறைவாகத்தான் இருந்தது. அந்தப் பதிவை ஒருமுறை கேட்டிருந்தால்கூட, நான் எந்த இடத்தில் வாயை மூடுகிறேன், ஏன் ஒவ்வொரு முறையும் அங்கேயே மூடுகிறேன் என்ற சந்தேகமாவது வந்திருக்கும். விளக்கிச் சொன்னேன். "சரி தாத்தா" என்றார்கள். அடுத்த தடவையும் அடைத்தார்கள். கை பழகிய வழியில்தான் போகிறது.

7. அவர்கள்மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் இல்லை. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் இந்தக் கலைஞர்களிடம், "வேலைக்காரங்க பாட்டுதானே, கூட நின்னு கை தட்டுனா தானா வந்துடும்" என்று சொல்லித்தான் அழைத்திருக்கிறார். பதிவும் முதல் ஒத்திகை நாள் காலையில்தான் போய்ச் சேர்ந்ததாம். பகலில் ஒரு வேலை பார்த்துவிட்டு அந்தியில் இன்னொரு வேலைக்கு வருகிறவர்கள் எப்போது கேட்பது? நானும் ஆவியில் வெந்துவிட்டு வீட்டுக்குப் போனவன்தான்.

8. இவ்வளவோடு போயிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். கிளி அக்கா இன்று மகன் வீட்டு மாடி அறையில் கட்டிலோடு இருக்கிறார். ஒரு காது போய்விட்டது, இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிகழ்ச்சிக்கு அவரை நாற்காலியோடு தூக்கி வருவதாக மகன் ஒப்புக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஆசையாக, ஒத்திகையை மருமகளின் செல்போனில் பிடித்துக்கொண்டு போய், நல்ல காதுப் பக்கம் வைத்தேன். அக்காவின் முகம் மலர்ந்தது. மடியில் கிடந்த போர்வையை நீவத் தொடங்கினார். கையெடுப்பு வந்தது. பாட்டு நிற்காமல் ஓடியது. அக்கா கையை வெடுக்கென்று மார்போடு இழுத்துக்கொண்டார். "எவடா அது நிறுத்தாமப் பாடுறது? மாமியார் இறங்குறா, தெரியலையா? பரப்புறவ கை உள்ளே இருக்குடா" என்றார். நான் செல்போனை அணைத்த பிறகும் கையை மார்பிலிருந்து எடுக்கவில்லை.

9. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

அ) நிகழ்ச்சிக்கு முன் ஓர் ஒத்திகையை, வேலை நடக்கும் காலை நேரத்தில், சலவைக்கூடத்திலேயே வைத்துத் தர வேண்டும். மாமியார் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கை போகாதபடி முன்னால் கம்பி வலை அடித்திருக்கிறார்கள். கூடத்து மேற்பார்வையாளர், "தாராளமா வரச் சொல்லுங்க பெரியவரே, ஓரமா நின்னு பாடட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த மூடி கண்ணுக்கு நேரே இறங்குவதைப் பார்த்தால் எவருக்கும் வாய் தானாக நின்றுவிடும். நான் சொல்லிக் கொடுக்கவே வேண்டியதில்லை.

ஆ) அந்தக் காலை விடுப்புக்காக வண்டி முதலாளிக்கும் மற்றவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் தங்கள் அலுவலகம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன்.

இ) இந்த மனுவைக் காரணம் காட்டி அவர்களை மாற்றிவிடக் கூடாது. புதிதாக வருகிறவர்களும் பாட்டைக் கேட்காமல்தான் வருவார்கள். இவர்களாவது எனக்கு நாற்காலி போடுகிறார்கள்.

10. இது முடியாது என்றால், அந்த ஒரு பாட்டை மட்டும் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றப் பாட்டுகளை எப்படிப் பாடினாலும் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன். அந்த அக்காவை உட்கார வைத்துக்கொண்டு இதைத் தப்பாகப் பாட மட்டும் விடாதீர்கள். அவருக்கு இன்னும் கேட்கும் நாட்களுக்குள் ஒரு நல்ல பதில் சொல்லுங்கள் ஐயா.

நாள்: நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம், வியாழன்.
இடம்: வீட்டுச் சமையலறை மேசை.

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)
மடிப்புத் தாத்தா

சாட்சி: மனுவுக்குச் சாட்சி வேண்டும் என்கிறார் மருமகள். பாட்டுக் கட்டிய அன்று மிஷின் முன்னால் நின்றவர்களைத்தான் சொல்ல முடியும். கொதிகலன்காரர் போய்விட்டார். கஞ்சி போட்டவர் அவருக்கும் முன்பே. கிழிசல் தைத்த அக்கா போன மழைக்காலத்தில். மனு கொடுப்பவன் சாட்சியாக முடியாதாம், என்னையும் கழித்துவிடுங்கள். மீதி ஒருவர், மகன் வீட்டு மாடியில்: கிளி அக்கா.