ஏழாம் அடைப்பு

கப்பலிலிருந்து,
மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். அத்தானின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? கட்டு அவிழ்த்தாயிற்றா? இதை நீதான் அவருக்கு வாசித்துக் காட்டுவாய், அதனால் உன்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் இன்னும் கரை சேரவில்லை. துறைமுகம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுப் பதினோரு நாள் ஆகிறது. இந்த நாட்டுக் கால்நடை டாக்டர் ஏறி வந்து பார்த்தார். சில ஆடுகளுக்கு வாயில் புண், தொற்று நோயாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஓர் ஆட்டைக்கூட இறக்க முடியாது. திருப்பி எடுத்துக்கொள்ள நம் துறைமுகமும் தயாராக இல்லையாம். நாலாயிரம் ஆடுகளை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

கீழ்த்தளத்தில் கம்பி போட்டுப் பிரித்த ஆட்டு அடைப்புகளில் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கிறது. காலையில் முதல் வேலை, செத்தவற்றைக் கயிறு கட்டி மேலே இழுப்பது. நேற்று முப்பத்தாறு. தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். இந்த லட்சணத்தில் இரண்டு ஆடுகள் குட்டி வேறு போட்டிருக்கின்றன. ஆடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் சமையல்காரர் தினமும், "என்னப்பா, உன் பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?" என்று வம்புக்கு இழுப்பார். இப்போது அவரும் கேட்பதில்லை.

ஆடுகளுக்கு நோய் இல்லை என்கிற சான்றிதழைப் பற்றி யாராவது கேட்டால் நீ கவலைப்படாதே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் நீ கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த தாளை, ஆடுகளைப் பார்த்துவிட்டுத்தான் நிரப்பினேன். ஏற்றும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கடலில் வந்த நோயாக இருக்கும்.

தண்ணீர்ப் படகு வாரம் ஒரு முறை வருகிறது. கப்பல் ஏஜென்ட் விலாசத்துக்கு எழுதினால் அதில் கொடுத்துவிடுவார்கள். எழுது.

உன் தம்பி


வீடு,
மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தானுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று, ஆனால் இன்னும் ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாதாம். முப்பத்தாறு என்கிற இடம் வந்ததும் "போதும்" என்று கையைக் காட்டிவிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஆடு சாகிறதென்று நீயும் பட்டினி கிடப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

ஆபீஸில் விசாரணை ஆரம்பித்துவிட்டது. பெரிய அதிகாரி நேராகவே கேட்டார். "ஏத்துறப்போ நீங்கதானே பாத்தீங்க?" ஆமாம், நானே ஒவ்வொரு அடைப்பாகப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் துறைமுகக் கால்நடை டாக்டராக இருந்தவள் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் என்று எப்படிச் சொல்வேன்? சரக்குக் கப்பல் காத்திருக்காது என்று இங்கே எல்லாரும் ஒரு தரமாவது செய்ததுதான். ஆனாலும் வாய் வரவில்லை. ஆடு பார்ப்பதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன், நீ பார்த்தது நான் பார்த்த மாதிரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம். உன் கப்பல் ஆடுகளை அனுப்பிய அதே வியாபாரியின் இன்னொரு மந்தை, மூவாயிரம் உருப்படி, இங்கே துறைமுகப் பட்டியில் நிற்கிறது. நம் ஆடுகள் நலமாகத்தான் கிளம்பின என்று நான் சொன்னதை வைத்து, இருபத்தாறாம் தேதி அவற்றை வேறொரு கப்பலில் ஏற்றப்போகிறார்கள்.

நீ வாயைத் திறந்து பார்த்தாய்தானே? எல்லா அடைப்பிலும்?

உன் அக்கா


கப்பலிலிருந்து,
மார்ச் 19

அக்கா,

இதை அத்தானுக்கு வாசிக்காதே. நீ படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

பார்த்தேன். அதுதான் விஷயமே. ஏழாம் அடைப்பில் அறுபது ஆடுகள். அதில் பதினொன்றுக்கு உதட்டில் புண் இருந்தது. வியாபாரி பக்கத்திலேயே நின்றார். "காய்ஞ்ச புல்லு குத்துனதுங்க, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றார். புல் குத்தினது எது, நோய் எது என்று எனக்கா தெரியாது? மேலே இருந்து கேப்டன் கத்திக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்றால் மொத்த ஆடும் பட்டிக்குத் திரும்பும், கப்பல் நிற்கும், என்னைத்தான் முதலில் இறக்கிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு கப்பலில் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவன் நான். இந்த வேலையும் நீ பத்துப் பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தது. மறுபடி உன் வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்க வெட்கமாக இருந்தது. "நோய் இல்லை" என்று எழுதினேன்.

அன்றைக்குப் பதினொன்று. இப்போது எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பிறந்த குட்டி இரண்டும் போய்விட்டன. தாயாடு ஒன்று இன்னும் அந்த மூலையையே முகர்ந்துகொண்டு நிற்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை.

உன்னைத் தவிர இதை யாரிடம் சொல்வேன்? நீ ஏற்கெனவே ஒன்று சொல்லிவிட்டாய். அதையே பிடித்துக்கொள். இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வோம்.

தம்பி


வீடு,
மார்ச் 27

தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி கிடைத்தது. நாலு தரம் படித்தேன். அன்றைக்கு முழுக்க நீ சொன்னபடியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

நேற்றுக் காலை பட்டிக்குப் போனேன். லாரிகள் வரிசையாக நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்து ஜனங்களின் ஆடுகள் மேய்கின்றன. உள்ளே போய்ப் பத்து ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தேன். நான்கில் புண் ஆரம்பித்திருந்தது.

நேரே அதிகாரியிடம் போய், ஏற்றுமதியை நிறுத்துங்கள், அன்றைக்கு நான் ஆடுகளைப் பார்க்கவே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "ரெண்டு வாரம் முன்னாடி பாத்தேன்னீங்க, இன்னிக்குப் பாக்கலைங்கிறீங்க. எதைத்தாம்மா எழுதிக்கிறது?" என்றார். பட்டியில் நான் பார்த்ததைச் சொன்னேன். வியாபாரி அதற்கும் காய்ந்த புல்லையே காரணம் காட்டினார். பரிசோதனை முடிவு வர மூன்று நாளாகும், கப்பல் மத்தியானம் கிளம்ப வேண்டும் என்றார்கள். நான் கிழிக்காத உன் கடிதம் கைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

லாரிகளைத் திருப்பிவிட்டார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், அநேகமாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள். உன் கப்பல் எந்தக் கரையில் ஒதுங்கினாலும் உன்னைக் கூட்டிப்போக ஆள் நிற்கும். வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன், அவர் உனக்கு எழுதுவார். அவரிடம் எதையும் ஒளிக்காதே.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுத்திருக்கலாமே" என்றார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தத் தாளை உன் கையில் கொடுத்தது என் தப்பு. பார்த்தேன் என்று பொய் சொன்னதும் என் தப்புதான். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. இனிமேல் நீ எனக்கு எழுத மாட்டாய் என்று தெரியும். எழுதினாலும், அக்காவுக்கு எழுதுகிற மாதிரி எழுத மாட்டாய்.

அக்கா