உன் பெயருக்கு வந்த டிவிடெண்டு

அக்கா,

இன்று பாங்கில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதை என்னிடமே திருப்பி நீட்டி, "யாரும்மா இவங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் உன் பெயர். உன் எழுத்தின் சாய்வுகூட மாறவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆயக்குடி அத்தை வீட்டில் நீ காய்ச்சலில் இறந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய வருடம்தான் அப்பா தன் மில் பங்குகளில் பாதியை உன் பெயருக்கு மாற்றியிருந்தார். திண்டுக்கல் புகையிலைக் கிட்டங்கியின் லாபத்தோடு டிவிடெண்டும் சேர்ந்தால் அவருக்கு வரி ஏறிவிடும். வேறு வருமானமில்லாத பெண்ணுக்கென்றால், மில்லில் பிடித்த வரியையும் சர்க்கார் திருப்பித் தந்துவிடும். நீ போனது ஊருக்குத் தெரியும். மில்லுக்கும் வரி ஆபீசுக்கும் தெரியாது. வருடாவருடம் நான்தான் நீயாகக் கையெழுத்துப் போட்டேன். "சும்மா போடு தாயி, அக்கா கோவிச்சுக்கவா போறா?" என்பார் அப்பா. உன் படத்தை மாட்டக்கூட விடவில்லை. மாலையோடு ஆபீஸ்காரர் யாராவது பார்த்துவிட்டால்?

மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம் வரி இன்ஸ்பெக்டர் வந்தார். பணத்தைத் திரும்பக் கேட்ட பெண்ணை நேரில் பார்க்கவேண்டும் என்றார். அப்பா உள்ளே வந்து, உன் கத்தரிப்பூ நிறச் சேலையை என் கையில் கொடுத்தார். கட்டிக்கொண்டேன். கூடத்துக்குப் போகாமல் கதவோரம் நின்றேன். அப்போதுதான், நீ செத்த நாளிலிருந்து உன் பெயரை வாயால் சொல்லாத அம்மா, அடுப்படியிலிருந்து உன்னைக் கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாக. இன்ஸ்பெக்டருக்குக் கேட்கட்டும் என்றா, தன்னை மறந்தா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "வாரேம்மா" என்றேன். அந்தக் குரல் என்னுடையதாக இல்லை. உள்ளே தம்ளர் விழுந்து உருண்டது.

இன்ஸ்பெக்டரின் சட்டைக் காலரில் தையல் போட்டிருந்தது. பெயர் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். படிவத்தைப் பார்த்தபடியே, "என் சம்பளத்துல பிடிச்சது ஒரு தடவகூட திரும்பி வந்ததில்லம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா செத்து மூணு வருசமாச்சு சார். நான் தங்கச்சி."

அப்பா வரியையும் அபராதத்தையும் கட்டினார். அதனால் நொடித்துப்போய்விடவில்லை; அவ்வளவு இருந்தது. என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலமே அம்மா ஆணியடித்து உன் படத்தை மாட்டி, மல்லிகைச் சரம் போட்டு, முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். ஆனால் அதற்குப் பிறகும், சாகும்வரை, சில நாள் என்னை உன் பெயரால்தான் கூப்பிட்டாள். நானும் எழுந்து போனேன்.

எனக்கு மகள் பிறந்தபோது உன் பெயரை வைக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். உன் பெயரில் நாங்கள் எவ்வளவோ வாங்கிவிட்டோம், அக்கா. பெயராவது உன்னிடமே இருக்கட்டும்.